வாக்கிங் டால் (1973): கட்டை எடுத்த ஷெரிஃப்

அமெரிக்காவுல டென்னசி மாநிலம், மெக்நேரி கவுண்ட்டி. மல்யுத்தத்த விட்டுட்டு பொண்டாட்டி புள்ளைங்களோட சொந்த ஊருக்கே வந்துடறான் ப்யூஃபோர்ட் பஸ்ஸர். வந்த வேகத்துலயே ஒரு கிளப்புல பகடை உருட்டறதுல ஏமாத்தறாங்கன்னு தட்டிக்கேக்கறான், அவன அடிச்சு கத்தியால கிழிச்சு ரோட்டோரமா போட்டுட்டுப் போயிடறாங்க, கவுண்ட்டிக்கே போலீஸ் தலைவரான ஷெரிஃப்கிட்ட போனா அவரே அவங்க ஆளு. கட்டைய எடுத்துக்கிட்டு திரும்ப அதே கிளப்புக்குப் போறான் பாருங்க, அங்கேர்ந்து சூடு புடிக்குது படம்.

டைரக்டர் ஃபில் கார்ல்சன். அடிதடி பலமாத்தான் இருக்கு, ஆனா எனக்கு அத விட புடிச்சது ஒரு சின்ன ஊருக்குள்ள ஊழல் எப்படி வேர் விட்டிருக்குன்னு காட்டியிருக்கற விதம். சூதாட்டம், கள்ளச்சாராயம், விபச்சாரம் எல்லாம் ஒரே கும்பல் கைல, மாமூல் வாங்கறவன் எல்லா நாற்காலியிலயும் உக்காந்திருக்கான், பஸ்ஸர் எலெக்‌ஷன்ல நின்னு ஷெரிஃபா ஜெயிச்சு ஆளுங்கள புடிச்சுட்டு வந்தாலும் ஜட்ஜ் ஏதாவது ஓட்டைய சொல்லி வெளிய விட்டுடறார். கடுப்புல ஜட்ஜோட ஆபீஸையே டாய்லெட்டுக்கு மாத்திடறான், செம சீன் அது. கோர்ட்ல சட்டைய கிழிச்சு தழும்ப காட்டற எடத்துல பஸ்ஸரா நடிச்ச ஜோ டான் பேக்கர் உண்மையிலயே உலுக்கிடறார். கறுப்பின டெபுடியா வர்ற ஃபெல்டன் பெர்ரிக்கு இன்னும் நிறைய சீன் குடுத்திருக்கலாம், மனுஷன் அவ்ளோ நல்லா பண்ணியிருக்கார்.

இப்ப முக்கியமான விஷயம். இது நிஜ ஆளோட கதை, பஸ்ஸர் 1964லேர்ந்து 1970 வரைக்கும் அங்க ஷெரிஃபா இருந்தவர். 1967 ஆகஸ்ட்ல கார்ல போகும்போது மறைஞ்சிருந்து சுட்டதுல மனைவி பாலின் செத்துட்டாங்க, அவர் பொழச்சுக்கிட்டார்னுதான் இத்தன வருஷமா ஊரே நம்புச்சு, படத்தோட உயிரே அந்த சீன்தான். ஆனா 2024ல பாலின் உடம்ப தோண்டி எடுத்து மறுபடி விசாரிச்சாங்க, 2025 ஆகஸ்ட்ல டென்னசி புலனாய்வுத் துறையும் அரசு வக்கீலும், கொலைக் குற்றத்த பஸ்ஸர் மேலயே சுமத்தற அளவுக்கு ஆதாரம் இருக்குன்னு அறிவிச்சுட்டாங்க. அவர் 1974லயே கார் விபத்துல செத்துட்டதால கேஸ் நடக்க வழியே இல்ல.

இது தெரிஞ்சப்புறம் பாத்தா படம் வேற மாதிரி தெரியுது. பழைய ஷெரிஃப யாரும் கேள்வி கேக்கலன்னுதானே முதல் பாதி முழுக்க கொதிக்குது, அதே கேள்விய தன்னோட ஹீரோகிட்ட ஒரு எடத்துலயும் கேக்கல. கட்டைய தூக்கினவன் நல்லவன்னு முடிவு பண்ணிட்டா அப்புறம் அவன் சொல்றதுதான் சாட்சி, அவன் சொல்றதுதான் தீர்ப்பு. எலிசபெத் ஹார்ட்மேன் பாலினா அவ்ளோ அருமையா நடிச்சிருக்காங்க, அந்தப் பொண்ணுக்கு என்ன நடந்துச்சுங்கறத புருஷன் வாயால மட்டும்தான் கேட்டு படமா எடுத்திருக்காங்கன்னு நெனைக்கும்போது எனக்கு கோவம்தான் வருது.

2004ல டுவெய்ன் ஜான்சன் நடிச்ச ரீமேக்ல ஊர், பேரு எல்லாத்தையும் மாத்தி வெறும் சண்டைப் படமாக்கிட்டாங்க, அத விட்டுடுங்க. பழசையே பாருங்க, க்ரைம் படமா இன்னிக்கும் நிக்குது, ஆனா உண்மைக் கதைன்னு சொல்றத மட்டும் நம்பாதீங்க.