சிஏஜி அறிக்கை: வரி செலுத்துவோருக்குக் கிடைக்கும் ஒரு சேவையின் மதிப்பீடு

“துறையின் பதில் ஏற்கத்தக்கதன்று.” சிஏஜி என்று நாம் சுருக்கி அழைக்கும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளில் இந்தப் பொருள்படும் வாக்கியம் அடிக்கடி எதிர்ப்படும். அதற்காகவே நான் அவற்றைத் தொடர்ந்து வாசிக்கிறேன் என்று சொன்னாலும் தவறில்லை. மத்திய, மாநில அரசுகள் பற்றிய அறிக்கைகள் நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ வைக்கப்பட்ட பிறகு இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மாநிலத்தையும் ஆண்டையும் கொடுத்துத் தேடிப் பதிவிறக்கிக்கொள்ளலாம். வரி செலுத்துகிறவருக்கு இந்தச் சேவை எவ்வளவு பயன்படுகிறது என்பதே என் கேள்வி.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிடுகிறேன். தேர்ந்த தணிக்கைப் பத்தி ஒன்றில் முதலில் விதி வரும். அடுத்து ஆவணம் காட்டும் உண்மை, பிறகு தொகை, அதன்பின் துறையின் விளக்கம், கடைசியில் தணிக்கையாளரின் மறுமொழி. மாதிரிக்கு, அரசு மருத்துவமனைக்கு வாங்கிய கருவி ஒன்று பெட்டி பிரிக்கப்படாமல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி வந்து சேர்ந்த தேதி இருப்புப் பதிவேட்டில் இருக்கும். மும்முனை மின் இணைப்பு கேட்டு எழுதிய கடிதத்தின் தேதி கோப்பில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு ஆண்டுகள் ஓடியிருக்கும். “நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது” என்று துறை பதில் எழுதும். அந்தக் கடிதமே தணிக்கைக் குழு வந்துபோன பிறகுதான் அனுப்பப்பட்டது என்பதை ஒரே வரியில் சுட்டிவிட்டு, பதில் ஏற்கத்தக்கதன்று என்று தணிக்கையாளர் முடித்துவிடுவார். குரலை உயர்த்தாமல் இரண்டு தேதிகளை அருகருகே வைத்தே சாதிக்கும் இந்தக் கலையை எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலும் நான் கண்டதில்லை.

அச்சில் வருவது நீண்ட வடிகட்டலுக்குப் பின் மிஞ்சியது மட்டுமே. தணிக்கைக் குழுவினர் அலுவலகத்துக்கு நேரில் வந்து ரொக்கப் புத்தகத்தையும் செலவுச் சீட்டுகளையும், கட்டுமானப் பணி என்றால் அளவுப் புத்தகத்தையும் பார்த்து, எழுத்தில் கேள்வி கேட்கிறார்கள், சரியான பதில் கிடைக்காதவை ‘தணிக்கைத் தடை’களாக ஆய்வறிக்கையில் ஏறுகின்றன, அவற்றுள் முக்கியமானவை மட்டுமே ஆளுநரிடமோ குடியரசுத் தலைவரிடமோ அளிக்கப்படும் அறிக்கைக்குள் நுழைகின்றன. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களிடம் ‘ஏ.ஜி. ஆடிட்’ (சிஏஜியின் கீழ் இயங்கும் மாநில அலுவலகமான அக்கவுண்டன்ட் ஜெனரலின் தணிக்கை) என்று சொல்லிப் பாருங்கள். பழைய கோப்பைத் தேடிப் பீரோவைத் திறந்துவிடுவார்கள்.

இந்தத் துணிவுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 148ஆவது பிரிவின்படி, உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்குரிய அதே கடினமான வழியில்தான் சிஏஜியை நீக்க முடியும். பதவி முடிந்தபின் அவர் மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி வகிக்க இயலாது. அவருடைய அலுவலகத்தின் நிர்வாகச் செலவு நாடாளுமன்ற வாக்கெடுப்புக்கு உட்படாமல் மத்திய அரசின் வருவாய் சேரும் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து நேராக வருகிறது. எந்தக் கணக்கைக் கேட்கலாம், எந்த அலுவலகத்தை ஆய்வு செய்யலாம் என்பதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக வகுத்திருக்கிறது. ஆங்கிலப் பதவிப் பெயரில் ‘கன்ட்ரோலர்’ என்ற சொல் இருந்தாலும், பிரிட்டனில் அதே பெயர் கொண்ட அதிகாரியைப் போலக் கருவூலப் பணத்தை விடுவிக்க ஒப்புதல் தரும் அதிகாரம் இவருக்கு இல்லை; செலவான பிறகே பார்க்கிறார். கைது செய்யவோ வழக்குத் தொடுக்கவோ இவரால் முடியாது. அதை எதிர்பார்த்து அறிக்கையைத் திறப்பவர் ஏமாந்துபோவார். பிழை அறிக்கையுடையது அன்று.

அறிக்கையைத் தவறாக வாசிப்பதற்கு கைப்பேசி நிறுவனங்களுக்கு இரண்டாம் தலைமுறை (2ஜி) அலைக்கற்றையும் உரிமங்களும் ஒதுக்கப்பட்டது பற்றி 2010இல் வெளியான அறிக்கையை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அரசுக்கு ஏற்பட்டிருக்கலாம் என்று வெவ்வேறு வழிகளில் கணக்கிட்ட அனுமான இழப்புகளில் மிகப் பெரியதான 1.76 லட்சம் கோடி ரூபாய் மட்டும் நாடெங்கும் பரவியது. ‘அனுமான’ என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துபோனது. 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது; 2017இல் சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. ஒதுக்கீட்டு நடைமுறையில் இருந்த கோளாறுகளை அறிக்கை தெளிவாகவே காட்டியிருந்தது. ஆயினும் அத்தகைய எண்ணை வெளியிடுகிறவர்கள், அது எப்படி வாசிக்கப்படும் என்பதையும் கருதியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பெரிய குறை காலதாமதம். மார்ச் மாதத்துடன் முடியும் ஓர் ஆண்டின் கணக்கைப் பற்றிய அறிக்கை நம் கைக்கு வருவதற்குள் அந்தத் திட்டத்தின் பெயரே மாறியிருக்கலாம். இதில் தணிக்கையாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. அறிக்கையை அவையில் வைக்க வேண்டும் என்று 151ஆவது பிரிவு சொல்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் அரசுகள் வசதியாக உட்கார்ந்துகொள்கின்றன. கூட்டத்தொடரின் கடைசி நாளில் மேசையில் வைத்துவிட்டுக் கலைவது பழகிப்போன வழக்கம். அதன்பின், தணிக்கை அறிக்கைகளை ஆராயும் அவை உறுப்பினர்களின் பொதுக் கணக்குக் குழு அதை எடுத்துக்கொள்ளும்போது சம்பந்தப்பட்ட அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார். கண்டறியும் திறனுக்கு ஐந்துக்கு நான்கரை தருவேன். நேரத்துக்கு வந்து சேர்வதற்கு ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை.

நடையும் எளிதன்று. ‘மாதிரி ஆய்வு’ என்றால் தேர்ந்தெடுத்த சில அலுவலகங்களில் மட்டும் பார்த்தது என்பதைப் புதிய வாசகர் மறந்துவிட்டு, அந்த எண்ணை மாநிலம் முழுமைக்கும் பொருத்திவிடுவார். முதன்முறை வாசிப்பவர்கள் முன்னுரையைத் தாண்டி, மாநில நிதிநிலை பற்றிய அறிக்கையில் பயன்பாட்டுச் சான்றிதழ் வராத மானியங்களைப் பற்றிய பகுதிக்குப் போகலாம். பணம் கொடுக்கப்பட்டது, ஆனால் அது உரிய வேலைக்குத்தான் செலவானதா என்பதற்குச் சான்று இன்னும் வரவில்லை என்று அங்கே துறைவாரியாக எழுதியிருக்கும். ஒரு திட்டம் நோக்கத்தை நிறைவேற்றியதா என்று பார்க்கும் செயல்பாட்டுத் தணிக்கை அறிக்கையாக இருந்தால் கடைசியிலிருந்து தொடங்குவது நல்லது. பொடி எழுத்தில் அச்சிட்ட இணைப்புகளில், முடிவடையாத பணிகளும் பயன்படாத கட்டடங்களும் பல நேரங்களில் ஊர்ப்பெயரோடு வரிசையாக இருக்கும். என் மாவட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.