ஆறு ஞாயிறு, 84 பக்கம், விடுபட்ட ஒரு பெயர்: குன்னூர் ஹதீஸ் வரலாற்று வகுப்பு

குன்னூரில் பெட்ஃபோர்டிலிருந்து இறங்கும் சாலையில், தேயிலைத்தூள் விற்கும் கடையொன்றின் மாடியில் இயங்கும் வாசகசாலையில், ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகையில் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. ஹதீஸ் எனப்படும் நபிமொழிகள் நமக்கு எப்படி வந்து சேர்ந்தன, வரலாற்றுச் சான்றாக அவற்றை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்பதே பாடம். கட்டணம் 1,200 ரூபாய். 84 பக்கக் கையேடும், இடைவேளையில் இஞ்சித் தேநீரும் வர்க்கியும் அதில் அடக்கம். நான் அரசுப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். பிறப்பால் மட்டுமன்றி நம்பிக்கையாலும் முஸ்லிம். பயானில், அதாவது மார்க்கச் சொற்பொழிவில், சொல்லப்படும் ஹதீஸுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டபோதெல்லாம் "அதையெல்லாம் கேட்கக் கூடாதும்மா" என்ற பதிலையே சிறு வயது முதல் பெற்றுவந்தவள் என்பதால், கேட்கலாம் என்று சொல்கிற வகுப்பு ஒன்று நடக்கவிருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன மறுநாளே பெயரைப் பதிவு செய்துவிட்டேன்.

பாடம் நடத்தியவர் வேலூர் பாக்கியாத் அரபிக் கல்லூரியில் ஓதிப் பட்டம் பெற்று, பிறகு கல்லூரியில் வரலாறும் படித்த ஆலிம், அதாவது மார்க்க அறிஞர். எல்லோரும் அவரை ஹஜ்ரத் என்றே அழைத்தோம். கூடலூரிலிருந்து அதிகாலைப் பேருந்தில் வந்த அண்ணன் தம்பி இருவர், கோத்தகிரித் தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர் ஒருவர், கல்லூரி மாணவிகள் மூவர், இஸ்லாமியர் அல்லாத ஒரு படுகர் சமூகத்துத் தலைமையாசிரியர் எனப் பதினேழு பேர் இருந்தோம். ஹஜ்ரத்தைத் திணறடித்த கேள்விகளில் பாதியைக் கேட்டவர் அந்தத் தலைமையாசிரியர்தான்.

முதல் வகுப்பைப் புகழுரையில் தொடங்காமல் மறுப்புரையில் தொடங்கினார் ஹஜ்ரத். நபி (ஸல்) அவர்கள் மறைந்தது 632ஆம் ஆண்டு. ஹதீஸ்களைத் தொகுத்த இமாம் புகாரீ பிறந்ததோ 810இல், அதாவது 178 ஆண்டுகள் கழித்து. இந்த இடைவெளியில் செவிவழியாக வந்த செய்தி எப்படிச் சிதையாமல் இருந்திருக்கும் என்று கேட்பவரை வம்புக்காரர் என்று ஒதுக்கக் கூடாது, ஹதீஸ் கலையே அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் என்றார் அவர். ஆறு லட்சம் ஹதீஸ்களிலிருந்து புகாரீ தேர்ந்தெடுத்தார் என்று மேடைதோறும் முழங்குவதைக் கேட்டு, அப்படியானால் மீதமெல்லாம் பொய்யா என்று நான் உள்ளுக்குள் மருண்டதுண்டு. ஒரே செய்தி ஐம்பது வழிகளில் வந்தால் அதை ஐம்பதாக எண்ணுவதே அக்கால வழக்கம். ஆகவே ஆறு லட்சம் என்பது பெரும்பாலும் வழிகளின் எண்ணிக்கை, தனித்தனிச் செய்திகளின் எண்ணிக்கை அன்று. புகாரீயின் தொகுப்பில் இருப்பவையும் திரும்ப வருபவற்றைச் சேர்த்தால் 7,000க்கு மேல், நீக்கினால் ஏறத்தாழ 2,600 என்று அவர் கணக்குச் சொன்னபோது என் நாற்பதாண்டு மருட்சி தீர்ந்தது. பத்து நிமிடங்களில் தீர்த்து வைக்கக்கூடிய ஐயத்தை இத்தனை காலம் யாரும் தொடவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

இரண்டாம் வாரம் எழுத்தைப் பற்றியது. குர்ஆனைத் தவிர வேறெதையும் என்னிடமிருந்து எழுதாதீர்கள் என்று நபியவர்கள் தடுத்ததாக இமாம் முஸ்லிம் என்ற இன்னொரு தொகுப்பாளரின் நூலில் ஓர் அறிவிப்பு உண்டு. தம் உரையை அபூ ஷாஹ் என்பவருக்கு எழுதிக் கொடுங்கள் என்று பணித்ததாகப் புகாரீயில் இன்னோர் அறிவிப்பு உண்டு. இரண்டையும் பலகையில் அருகருகே எழுதிவிட்டு, இந்த முரணை அறிஞர்கள் எப்படியெல்லாம் தீர்த்தார்கள் என்று அவர் விளக்கினார். அடுத்து வந்தது ஹம்மாம் இப்னு முனப்பிஹின் ஏடு. தம் ஆசிரியரான நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் கேட்ட 138 செய்திகளை ஹம்மாம் தொகுத்த அந்த ஏட்டின் பிரதிகளை டமாஸ்கஸிலும் பெர்லினிலும் கண்டறிந்து, ஹைதராபாத்தில் பிறந்த அறிஞர் முஹம்மது ஹமீதுல்லாஹ் 1953இல் பதிப்பித்தார். அதிலுள்ளவை இமாம் அஹ்மதின் முஸ்னத் என்னும் ஹதீஸ் தொகுப்பில் உள்ளவற்றோடு பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகின்றன.

இதைக் கேட்டதும் வகுப்பில் சிலர் வெற்றிப் பெருமிதத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் மட்டும், "ஹஜ்ரத், இரண்டும் வந்த வழி ஒன்றா, வேறு வேறா?" என்று கேட்டார். ஒன்றுதான் என்று ஹஜ்ரத் தயங்காமல் ஒப்புக்கொண்டார். ஹம்மாமிடமிருந்து மஃமர், மஃமரிடமிருந்து அப்துர் ரஸ்ஸாக் என்ற ஒரே வழியாகத்தான் ஏடும் வந்தது, முஸ்னதில் உள்ளவையும் வந்தன. எனவே, அப்துர் ரஸ்ஸாக்குக்குப் பிறகு படியெடுத்தவர்கள் கைவைக்கவில்லை என்பதை இந்த ஒப்புமை நன்றாகவே காட்டுகிறது. அவருக்கு முந்தைய காலத்துக்கு அதுவே போதிய சான்றாகாது, அங்கே வேறு சான்றுகள் வேண்டும். தம் பக்கத்துச் சான்றின் எல்லையைத் தாமே குறித்துக் காட்டிய அந்த நேர்மைக்காகவே கட்டணம் தகும் என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாம் ஞாயிறு மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுந்ததால் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. அன்றைய பாடம் அறிவிப்பாளர்களைப் பற்றியது. தொடக்கத்தில் யாரும் தொடரை, அதாவது யார் யாரிடம் கேட்டார் என்ற வரிசையை, கேட்கவில்லை, உள்நாட்டுப் பிளவு மூண்ட பிறகே உங்கள் மனிதர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள் என்ற ஆரம்பகால அறிஞர் இப்னு ஸீரீனின் கூற்று முஸ்லிமின் முன்னுரையிலேயே இருக்கிறது. யார் வாய்மையாளர், யாருக்கு முதுமையில் நினைவு தடுமாறியது, யார் தாம் சந்திக்காதவரிடம் கேட்டதாகச் சொன்னார் என்றெல்லாம் ஆயிரக்கணக்கானோரைப் பற்றித் தனித்தனி நூல்களே எழுந்தன. தொடரை மட்டுமன்றிச் செய்தியையும் அவர்கள் உரசிப் பார்த்தார்கள் என்பதற்கு நபியவர்களின் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களையே ஹஜ்ரத் எடுத்துக்காட்டினார். குடும்பத்தார் அழுவதால் இறந்தவர் வேதனைக்கு உள்ளாகிறார் என்ற அறிவிப்பைக் கேட்ட அவர், ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்ற குர்ஆன் வசனத்தை ஓதி மறுத்தார். பத்தாம் நூற்றாண்டு அறிஞர் தாரகுத்னீயோ புகாரீ, முஸ்லிம் ஆகிய இருவரின் தொகுப்புகளிலேயே ஏறத்தாழ இருநூறு அறிவிப்புகளில் குறை கண்டவர். "சீன தேசம் சென்றேனும் கல்வியைத் தேடு" என்ற வாசகத்தையோ அறிஞர் இப்னுல் ஜவ்ஸீ இட்டுக்கட்டப்பட்டவற்றின் வரிசையில் வைத்தார். அந்த வாசகத்தை ஆண்டு விழா மேடைகளில் குறைந்தது இருபது முறையாவது நபிமொழி என்று முழங்கியவள் நான். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது அன்று வசதியாகப் போயிற்று.

நான்காம் வகுப்பைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். நான்கு நான்கு பேராகப் பிரித்து, சார்ட் தாளையும் பேனாக்களையும் கொடுத்து, "செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன" என்ற, புகாரீயின் முதல் ஹதீஸுக்குரிய தொடர்களை வரையச் சொன்னார் ஹஜ்ரத். மேலே நபியவர்கள், கீழே இரண்டாம் கலீஃபா உமர் (ரலி), அவருக்குக் கீழே அல்கமா, அவருக்குக் கீழே முஹம்மது இப்னு இப்ராஹீம், அவருக்குக் கீழே மதீனாவின் யஹ்யா இப்னு ஸயீத். அதுவரை கோடு ஒன்றே. யஹ்யாவுக்குக் கீழே எங்கள் பேனா ஓடிய ஓட்டத்தில், குடை விரிந்ததுபோல் கோடுகள் தாளின் விளிம்புவரை பரவின. முஸ்லிம் உலகமே மனப்பாடமாகச் சொல்லும் ஒரு ஹதீஸ், நான்கு தலைமுறைகளுக்கு ஒவ்வொருவர் வாயிலாகவே வந்திருக்கிறது என்பதைச் சொல்லக் கேட்பது வேறு, தம் கையாலேயே வரைந்து காண்பது வேறு. கணக்கர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் பேசவே இல்லை.

அந்தக் குடைக்காம்பின் நுனியில் இருப்பவரை மேலை ஆய்வாளர்கள் பொது இணைப்பாளர் என்கிறார்கள். ஜோசப் ஷாக்ட் 1950இல் வெளியிட்ட நூலில், தொடர்கள் காலப்போக்கில் பின்னோக்கி வளர்க்கப்பட்டவை என்றும், செய்தி பொது இணைப்பாளரின் காலத்தில் புழக்கத்துக்கு வந்திருக்கலாம் என்றும் வாதிட்டார். ஹரால்ட் மொட்ஸ்கி போன்றோரோ, கேட்டதை முறையாகத் தொகுத்துப் பல மாணவர்களுக்குக் கற்பித்த முதல் ஆசிரியராகவும் அவர் இருக்கலாமே என்றார்கள். ஹதீஸ் அறிஞர்களுக்கும் இது புதிதன்று. ஒற்றை வழியில் வருவதை அவர்கள் கரீப் என்று தனிப்பெயரிட்டே வகைப்படுத்தினார்கள். ஒற்றை வழி என்பதாலேயே ஒன்றைத் தள்ளாமல், அந்த வழியில் நிற்பவர்களின் தரத்தை நோக்கினார்கள்.

இங்கே என்னுள் இருந்த தமிழாசிரியை விழித்துக்கொண்டாள். பழைய அகப்பொருள் இலக்கண நூலான இறையனார் களவியலின் உரையிலும் இத்தகைய தொடர் ஒன்று உண்டே என்று எழுந்து சொன்னேன். நக்கீரர் தம் மகனார் கீரங்கொற்றனாருக்கு உரைக்க, அவர் தேனூர்க்கிழாருக்கு உரைக்க, இப்படி வாய்மொழியாகவே வந்து முசிறியாசிரியர் நீலகண்டனாரிடம் முடிகிறது அந்த உரை. ஆனால் உரைக்குள்ளேயே ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியனைப் புகழும் கோவைச் செய்யுள்கள் நூற்றுக்கணக்கில் மேற்கோளாக நிற்பதால், இன்றுள்ள வடிவம் முழுவதையும் நக்கீரர் வாக்காக ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. தொடர் இருப்பதாலேயே செய்தி அப்படியே வந்ததாகாது என்பது என் வாதம். ஹஜ்ரத் மகிழ்ந்துபோனார். "அந்தத் தொடரில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தார்களா, அவர்களின் நினைவாற்றல் எப்படி என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா, டீச்சரம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஹதீஸ் கலையில் அது இருக்கிறது. அதை எழுதியவர்களின் சார்பு என்ன என்பது அடுத்த கேள்வி, அதையும் கேட்கத்தான் வேண்டும்" என்றார். இடைவேளைத் தேநீர் ஆறிப்போகும்வரை இந்தப் பேச்சு நீண்டது.

இனிக் குறைகள். ஐந்தாம் வகுப்பு அவசர அவசரமாக ஓட்டப்பட்டது. ஹதீஸ்களின் நம்பகத்தன்மை பற்றி 1890இல் கோல்ட்ஸிஹர் எழுப்பிய ஐயம், 1967இல் நபியா அபட் ஆராய்ந்த பப்பைரஸ் ஏடுகள், 1968இல் முஸ்தஃபா அஃஸமீ அச்சிட்ட மறுப்பு, 1991இல் மொட்ஸ்கி வெளியிட்ட ஆய்வு ஆகிய நான்கையும் ஒன்றரை மணி நேரத்தில் அடைத்ததால், பெயர்கள் மட்டுமே காதில் நின்றன. மொட்ஸ்கியின் வாதம் மட்டுமே ஒரு வகுப்புக்குரியது. அப்துர் ரஸ்ஸாக்கின் தொகுப்பில் இப்னு ஜுரைஜ் தம் ஆசிரியர் அதாவிடம் கேட்டதாகச் சொல்லும் இடங்களில், ஆசிரியரின் சொந்தக் கருத்தையும் நபிமொழி என்று உயர்த்தாமல் கருத்தாகவே பதிவு செய்கிறார். ஐயமுள்ள இடத்தில் ஐயம் என்றே சொல்கிறார். இட்டுக்கட்ட நினைப்பவர் இப்படித் தம் சரக்கின் மதிப்பைத் தாமே குறைத்துக்கொள்ள மாட்டார் என்பது மொட்ஸ்கியின் முடிவு. இதை ஹஜ்ரத் மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டார். நேரமின்மைதான் காரணம் என்றாலும், முதல் வகுப்பில் அறிமுகங்களுக்குச் செலவான முக்கால் மணி நேரத்தை இங்கே தந்திருக்கலாம். ஆறாம் வகுப்பு கேள்வி பதில். பழைய பிணக்குகள் சில தலைகாட்டின, சொல்லும்படி வேறொன்றும் இல்லை.

கையேட்டை அப்படி விட்டுவிட முடியாது. ஹிஜ்ரி ஆண்டும் பொது ஆண்டும் குறிப்பின்றிக் கலந்து கிடப்பதால், இப்னு ஜுரைஜ் 150இல் இறந்தார் என்று படித்த மாணவி ஒருத்தி, நபியவர்களுக்கு முன்பே எப்படி என்று விழித்தாள். ஒரே பக்கத்தில் புகாரீ, புஹாரி, புகாரி என மூன்று எழுத்துமுறைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, 41ஆம் பக்கத்தில் அச்சிட்டுள்ள எண்ணங்கள் ஹதீஸின் தொடரில் அல்கமாவின் பெயரே இல்லை. நடுவில் ஒருவர் விடுபட்ட தொடருக்கு முன்கதிஃ, அதாவது அறுந்தது, என்று பெயர் எனக் கையேடே 37ஆம் பக்கத்தில் கற்பிக்கிறது. அதை நான் சுட்டிக்காட்டியபோது ஹஜ்ரத் வாய்விட்டுச் சிரித்து, பதினேழு பிரதிகளையும் வாங்கித் தம் கையாலேயே பெயரை எழுதிக் கொடுத்தார்.

தை மாதத்தில் அடுத்த வகுப்பு தொடங்குகிறது. அரபு தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும். படிக்கட்டு செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே உண்டு. முழங்கால் வலியுள்ளவர்கள் முன்கூட்டிச் சொன்னால் கீழ்க்கடையில் நாற்காலி போட்டு நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்வெட்டர் மட்டும் போதாது, கம்பளியும் வேண்டும். பனி நாட்களில் அந்த மாடி அறையில் விரல் விறைத்து எழுத வராது. கையேட்டைப் புதிதாக அச்சிடும் எண்ணம் இருப்பதாக அறிந்தேன். அச்சகத்துக்கு அனுப்புமுன் ஒருமுறை என்னிடம் கொடுத்தால் கட்டணமின்றிப் பிழை திருத்தித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.