கம்பு, கராத்தே, ஜூடோ: மூன்றையும் பழகியவளின் ஒப்பீடு

பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா போன மாதம் தன் ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "டீச்சர், இவள எதுல சேக்கலாம்? டவுன்ல கராத்தே கிளாஸ் நடக்குதாம். நீங்க கம்பும் சுத்துவீங்கல்ல, எது நல்லது?" என்றார். பத்து வயதில் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தாத்தாவிடம் சிலம்பம், பதினான்கில் ஹட்டனில் கராத்தே, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஜூடோ என்று மூன்றிலும் வருடக்கணக்கில் நின்றவள் நான். ஆனாலும் அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு வாரம் யோசித்துச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

தாத்தா கம்பைச் சீக்கிரம் கையில் தரவில்லை. மூன்று மாதம் வெறும் காலடிதான். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் சுண்ணாம்புப் புள்ளி வைத்து, முன்னே பின்னே பக்கவாட்டில் மாறி மாறி மிதிக்கச் சொல்வார். "கைய பாக்காத புள்ள, காலு எங்க நிக்குதுன்னு பாரு" என்பார். கம்பு கைக்கு வந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. புருவ உயரத்துக்கு இருக்கும் கம்பை வீசும்போது கால் ஒரு சாண் பிசகினாலும் மறுமுனை என் முழங்காலிலேயே வந்து விழுந்தது. சோடி போட்டு ஆடும்போது கம்பு நுனியில் சுண்ணாம்பைத் தோய்த்துக் கொடுப்பார். சட்டையில் யாருக்கு வெள்ளை பட்டதோ அவர் தோற்றார், பேச்சே இல்லை. எதிராளியின் கண்ணையும் கம்பின் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கப் பழகியது அங்கேதான். அந்தப் பார்வை வேறெந்தக் கலையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அக்கரையிலிருந்து, அதாவது தமிழ்நாட்டிலிருந்து, கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த நம்மாட்களோடு வந்தது இந்தக் கலை. அதனால் இதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் குறை இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் (அறையில்) கம்பு சுத்த முடியாது. வெளியே வந்தால் மே மாதம் தொடங்கும் மழை செப்டெம்பர் வரை களத்தைச் சேறாக்கி வைத்திருக்கும். திருவிழாவில் அலங்கார வீச்சுக்குத்தான் கைதட்டல், சண்டை முறை தாத்தாவின் தலைமுறையோடு மெலிந்துவிட்டது. பேரன் இல்லாததால்தான் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் கோயில் வாசலில் நான் ஆடப்போனபோது பெரியவர்கள் சிலர், பொம்பளப் புள்ளைக்கு இது வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

கராத்தே வகுப்பில் அந்தக் கேள்வியே எழவில்லை. பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்றோம். அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒக்கினாவாவின் கலையை 1922இல் தோக்கியோவுக்குக் கொண்டுபோன ஃபுனாகோஷி, கறுப்புப்பட்டி முறையை ஜூடோவிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். தன் மாணவர்களுக்கு அதை முதன்முதலாக 1924இல் கொடுத்தார். தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தப் படிக்கட்டு பெரிய விஷயம். இடுப்பில் நிறம் மாறினால் வீட்டாருக்குத் தெரிகிறது, லயமே கேட்கிறது. பாடசாலைப் போட்டிக்கும் வழி இருக்கிறது. இடமும் அதிகம் தேவையில்லை. ஹெய்யான் ஷோடான் என்ற கத்தாவின் (தனியாகச் செய்யும் அசைவுத் தொடரின்) இருபத்தொரு அசைவுகளையும் எட்டு வைப்பதைப் பாதியாகக் குறைத்து இஸ்தோப்பிலேயே (வீட்டு முன் திண்ணையிலேயே) செய்து முடித்திருக்கிறேன். மழை நாளில் தனியாகப் பழக இதைவிட நல்லது கிடையாது.

ஆனால் காசு. கம்புக்குத் தாத்தா கேட்டது வெற்றிலை பாக்கும் ஒரு தேங்காயும். இங்கே உடுப்பு, மாதக் கட்டணம், ஒவ்வொரு பட்டிக்கும் பரீட்சைக் கட்டணம். பச்சைப்பட்டிப் பரீட்சைக்குக் கட்ட அம்மா பல நாள் கொழுந்தெடுக்க வேண்டியிருந்தது. நான் இடையில் போய்ப் பார்த்த ஒரு வகுப்பில் காசு கட்டிய எல்லாருக்கும் பட்டி கிடைத்தது, நிற்கத் தெரியாதவருக்கும். அதைப் பார்த்த பிறகு, வகுப்பில் சேருமுன் ஒரு மாதம் ஓரமாய் உட்கார்ந்து பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். போட்டி விதியும் பழக்கத்தை மாற்றுகிறது. குத்துக்கு ஒரு புள்ளி, தலைக்கு உதைத்தால் மூன்று என்பதால் பிள்ளைகள் உதைக்கே ஓடுகிறார்கள், காலடி கவனிப்பாரற்றுப் போகிறது.

ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும்போது என்னைத் திணறடித்தது தூரம். சிலம்பத்தில் கம்பின் நீளம்தான் என் எல்லை. அந்தப் பழக்கத்தில் கராத்தேயில் எட்டவே நின்றேன், என் குத்து யார் மேலும் படவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு வருடம் போனது. பிறகு ஜூடோவில் கராத்தேக்காரியாக முதுகை நிமிர்த்தி, கையை விறைப்பாக நீட்டி நின்றேன். எதிரே நின்ற பெண் என் கழுத்துப்பட்டியைப் பிடித்து, அந்த விறைப்பையே பிடிமானமாக்கித் தூக்கிப் போட்டாள். நான் தள்ள, அவள் இழுக்க, கால் தானாகத் தரையை விட்டது.

ஜூடோவைப் பற்றி அதிகமாகவே சொல்வேன், காரணம் இருக்கிறது. 1882இல் கானோ ஜிகொரோ தோக்கியோவில் ஒரு கோயிலில் பன்னிரண்டு பாய்களோடு தொடங்கிய கலை அது. பேராதனையில் முதல் ஆறு வாரமும் விழுவதுதான் எங்கள் பாடம். நாடி (மோவாய்) நெஞ்சோடு, தலை நிலத்தில் படக்கூடாது, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து பாயில் அறைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விழும்போது கையை ஊன்றக்கூடாது.

நான் ஓ.எல். (சாதாரண தரம்) படித்த வருடம் அம்மா மலையிலிருந்து கொழுந்துச் சாக்கோடு இறங்கும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியும் அந்தக் கையால் பழையபடி கொழுந்தெடுக்க முடியவில்லை. பேராதனைப் பாயில் அந்தப் பாடத்தைக் கேட்டபோது எனக்கு வேறெதுவும் நினைவில் வரவில்லை. மூன்று வருடம் கழித்து, அதே பாதையில் மழையில் நான் வழுக்கினேன். கை தானாக அறைந்தது, நாடி தானாக ஒடுங்கியது, எழுந்து நடந்தேன். யாரிடமும் சண்டை போட்டு நான் ஜெயித்ததில்லை. இந்த மூன்றில் என் உடம்பைக் காப்பாற்றியது எது என்று கேட்டால் ஜூடோதான்.

சிக்கல்களும் உண்டு. பாய் வேண்டும், சோடி வேண்டும், நல்ல வாத்தியார் வேண்டும். தோட்டத்தில் இவை ஒன்றுகூட இல்லை. ஆணும் பெண்ணும் கட்டிப் புரள்வதாக அம்மாவுக்குச் சங்கடம். பெண்கள் பெண்களோடுதான் ஆடுகிறோம் என்று கூட்டிப்போய்க் காட்டிய பிறகே சமாதானமானார். தடித்த அந்த உடுப்பு நம்மூர் மழைக்காலத்தில் மூன்று நாளானாலும் காயாது.

சிங்களத் தோழி ஒருத்தியோடு கண்டிப் பக்கம் அங்கம்பொற என்ற சிங்களச் சண்டைக் கலையின் களரிக்கும் நான்கைந்து முறை போனேன். அங்கம் என்றால் வெறுங்கை, இலங்கம் என்றால் ஆயுதம் என்று சொல்லித்தந்தார்கள். கால் வைப்பது நம் வெறுங்கைக் கலையான குத்துவரிசைக்கு வெகு அருகில் இருந்தது. நான்கைந்து முறை போனதை வைத்து அதை எடைபோட மாட்டேன்.

அந்த அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: பிள்ளைக்கு முதலில் விழத் தெரியட்டும், அதை நான் சொல்லித் தருகிறேன். கூடவே கம்பில் காலடி. பதினொன்று, பன்னிரண்டு வயதில், பார்த்துத் தெரிந்த ஒரு கராத்தே வகுப்பு. முதலிலேயே கராத்தேயில் விட்டால் பட்டியின் நிறத்தைப் பார்க்கும், காலைப் பார்க்காது. இதை என் வகுப்புப் பிள்ளைகளிடமே கண்டிருக்கிறேன். அக்காவுக்குச் சான்றிதழ் இல்லாதது கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனாலும் சரி என்றார்.

ஞாயிறு காலை வருகிறாள். மழை விட்டிருந்தால் பெரட்டுக்களத்தில் சுண்ணாம்புப் புள்ளி, மழை பெய்தால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பழைய சாக்குகளை அடுக்கி அதன்மேல் விழுகிறோம். போன ஞாயிறு அவள் அம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாக்கில் வந்து நின்றார்.