தடயவியல் கிட் வாங்கலாமா? ஆறு வாரம் பசங்களோட யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

இந்த ஸ்டூடண்ட் ஃபோரன்சிக் கிட்ட எங்க சயின்ஸ் க்ளப்புக்காக வாங்கினோம். 9வதுலேந்து 11வது வரைக்கும் படிக்கிற 24 பசங்க, வாரத்துக்கு ஒரு நாள் ஒண்ணரை மணி நேரம், மொத்தம் ஆறு வாரம். பெட்டி வந்த அன்னிக்கே ரிவ்யூ எழுதாம ஒரு ரவுண்டு முழுசா முடிச்சிட்டு எழுதலாம்னு இருந்தேன், ஏன்னா இந்த மாதிரி கிட்டு எல்லாம் திறக்கும்போது பிரமாதமா தான் இருக்கும், மூணாவது வாரத்துல தான் அதோட லட்சணம் தெரியும். 5க்கு 3.5 குடுப்பேன். அந்த 3.5ல பாதிக்கு மேல பெட்டிக்குள்ள இருக்கற ஒரு சாதாரண பேப்பருக்குத் தான் போகுது, பவுடருக்கோ டார்ச்சுக்கோ இல்ல.

அந்த பேப்பர் என்னன்னா, நடுவுல ஒரு கோடு போட்டு இடது பக்கம் "பார்த்தது", வலது பக்கம் "நினைச்சது"ன்னு ரெண்டு காலம். அவ்ளோ தான். முதல் வாரம் முழுக்க கெமிக்கல் கிடையாது, பிரஷ் கிடையாது, ஒரு ரூமுல சில பொருள கலைச்சு வெச்சிட்டு பசங்கள வாசல்ல நிக்க வெச்சு இந்த பேப்பர நிரப்பச் சொல்றாங்க. பசங்களுக்கு கொஞ்சம் ஏமாற்றம் தான், பெட்டிய திறந்த உடனே எல்லார் கையும் கருப்பு பவுடர் டப்பாக்கு தான் போச்சு. ஆனா எழுத ஆரம்பிச்சப்புறம் ரூமே அமைதியாயிடுச்சு. ஒரு பொண்ணு இடது காலத்துல "யாரோ அவசரமா எழுந்து ஓடியிருக்காங்க"ன்னு எழுதியிருந்தா. "அவங்க ஓடினத நீ பார்த்தியாம்மா?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சிட்டு அத அடிச்சிட்டு, "நாற்காலி பின்பக்கமா விழுந்து கிடக்கு, காலு நாலும் மேஜைய பார்த்து இருக்கு, மேஜை மேல பேனா மூடி இல்லாம இருக்கு"ன்னு எழுதினா, ஓடினது வலது காலத்துக்குப் போச்சு. நான் இத்தனை வருஷம் கிளாஸ்ல "கவனமா பாருங்க, கவனமா பாருங்க"ன்னு சொல்லி வராத ஒண்ணு இந்த ஒரு கோட்டுல வந்துச்சு. அந்தப் பேப்பர மட்டும் நிறைய ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கிட்டேன், இப்போ கெமிஸ்ட்ரி லேப்லயும் அதத் தான் யூஸ் பண்றோம்.

ரெண்டாவது வாரம் கைரேகை. கருப்பு பவுடர், வெள்ளை பவுடர், ரெண்டு பிரஷ், டேப், கார்டு, இங்க் பேட் எல்லாம் இருக்கு. தரம் நல்லா இருக்கு, குறை சொல்ல மாட்டேன், பிரஷ் மயிர் கொட்டல. ஆனா எப்படி பூசணும்னு கையேட்டுல ரெண்டே வரி தான் இருக்கு, அது பத்தாது. பசங்க பிரஷ்ஷ பவுடர்ல நல்லா முக்கி கண்ணாடி மேல தேய் தேய்னு தேய்ச்சாங்க, ரேகை மொத்தமா அழிஞ்சு போச்சு. நுனியில மட்டும் துளியூண்டு எடுத்து, தட்டி விட்டுட்டு, கண்ணாடிய தொட்டும் தொடாமலும் சுத்தணும், ரேகை லேசா தெரிய ஆரம்பிச்ச உடனே அது எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமாவே பிரஷ்ஷ கொண்டு போகணும். கை காய்ஞ்சு போயிருக்கற பசங்களுக்கு ரேகையே விழாது, மூக்கு பக்கத்துலயோ நெத்தியிலயோ விரல ஒரு தடவை தடவிட்டு வைக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, பவுடர் ரொம்ப நைஸா இருக்கறதால பறக்குது, மாஸ்க் பெட்டில இல்ல, நீங்களே வாங்கி வெச்சுக்கணும், அத விட்டது பெரிய குறை.

லூப் (வளைஞ்சு வந்த பக்கமே திரும்பறது), வேர்ல் (சுழி), ஆர்ச் (வில் மாதிரி வளைவு)னு ரேகைல இருக்கற மூணு வகையையும் அவங்கவங்க பத்து விரல்லயும் எண்ண வெச்சேன். பொதுவா லூப் 60லேந்து 65 சதவீதம், வேர்ல் 30லேந்து 35, ஆர்ச் 5 சதவீதம் தான் வரும்னு சொல்வாங்க, ஆர்ச் இருந்த பசங்க அன்னிக்கு முழுக்க விரல காட்டிட்டே திரிஞ்சாங்க. கையேட்டுல இந்த வகைப்படுத்தற முறைக்கு, அப்போ வங்காளத்துல இருந்த பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரி எட்வர்ட் ஹென்றி பேரு மட்டும் போட்டிருக்கு. 1897ல கல்கத்தாவுல கைரேகை பீரோ ஆரம்பிச்சப்போ ரேகை கார்டுகள 1024 அறையா பிரிச்சு வெக்கற கணக்கா அந்த முறைய போட்டுக் குடுத்தவர் அஜிசுல் ஹக், கூட வேலை பார்த்தவர் ஹேம் சந்திர போஸ். இவங்க ரெண்டு பேரும் இல்லாம அந்த பேர சொல்றது சரியில்ல, அடுத்த பதிப்புல சேர்க்கணும்.

இப்போ இந்த கிட்டோட பெரிய தப்புக்கு வரேன். சம்பவ இடத்து ரேகையையும் சந்தேக நபர் ரேகை கார்டையும் ஒரே கவர்ல போட்டு வெச்சிருக்காங்க. பசங்க ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு "இது மாதிரி அங்க இருக்கா"ன்னு தேடறாங்க, தேடினா கிடைக்கத் தானே செய்யும்! 2004ல மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புல ஒரு பையில கிடைச்ச ரேகைய அமெரிக்காவுல எஃப்பிஐ ஒரு வக்கீலோடதுன்னு சொல்லிடுச்சு. ஒருத்தர் இல்ல, அனுபவசாலிங்க ஒருத்தருக்கு மேல பார்த்து ஆமான்னாங்க. அவர ரெண்டு வாரம் பிடிச்சு வெச்சாங்க. கடைசில ஸ்பெயின் போலீஸ் அது வேற ஆளோட ரேகைன்னு காட்டினப்புறம் தான் விட்டாங்க. பிறகு நடந்த விசாரணையில என்ன தெரிஞ்சுதுன்னா, கொஞ்சம் ஒத்துப்போனதும் அந்த வக்கீலோட ரேகைல இருக்கறத பார்த்துட்டு தெளிவில்லாத ரேகைலயும் அதே இருக்கற மாதிரி பார்க்க ஆரம்பிச்சிருக்காங்க. முதல் வாரம் அந்தப் பொண்ணு நாற்காலிய பார்த்து எழுதினதும் இதுவும் ஒண்ணு தான், இங்க ஒரு ஆளு ஜெயிலுக்குப் போயிருக்காரு.

அதனால நான் கவர பிரிச்சு ரெண்டா மாத்திட்டேன். முதல்ல சம்பவ இடத்து ரேகைய மட்டும் குடுத்து, எங்க ரேகை முடியுது, எங்க ரெண்டா பிரியுதுன்னு சிவப்பு பேனாவுல குறிக்க வெச்சு, அத என்கிட்ட குடுத்தப்புறம் தான் சந்தேக நபர் கார்டு. அப்புறம் சிவப்பு குறிய மாத்தக் கூடாது. இப்படி செஞ்சப்போ "பொருந்துது"ன்னு கை தூக்கினவங்க எண்ணிக்கை சட்டுனு குறைஞ்சுது. கிட் வாங்கறவங்க தயவு செஞ்சு இத முதல் நாளே பண்ணிடுங்க.

ரத்தத் துளி பாடம் கணக்கு சார கூப்பிட்டு ரெண்டு பேருமா எடுத்தோம், எல்லா வாரத்துலயும் பசங்க அதிகமா ரசிச்சது இது. துளி சாய்வா விழுந்தா நீள்வட்டமா விழும், அகலத்த நீளத்தால வகுத்தா வர்றது விழுந்த கோணத்தோட சைன். அகலம் 6 மில்லிமீட்டர், நீளம் 12ன்னா பாதி, அப்போ 30 டிகிரி. பலகைய 60 டிகிரி சாய்ச்சு வெச்சு மேலேந்து நேரா சொட்ட விட்டா அதே 30 வரணும், ரெண்டு மூணு டிகிரி முன்ன பின்ன வந்துச்சு. வால நீளத்தோட சேர்த்து அளந்த குரூப்புக்கு மட்டும் தப்பா வந்துச்சு, ஏன் தப்புன்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க. "சைன் எதுக்கு சார் படிக்கணும்"னு கேக்கற பையன் அன்னிக்கு கால்குலேட்டர கீழ வைக்கல. கிட்ல வர்ற செயற்கை ரத்தம் ரொம்ப தண்ணியா இருக்கு, சொல்லியிருக்கற அளவு தண்ணில பாதி தான் கலக்கணும்.

பேனா மை பிரிக்கற சோதனை சுமார். கோட்ட பென்சில்ல தான் போடணும், புள்ளி தண்ணிக்கு மேல இருக்கணும், இது ரெண்டும் கையேட்டுல இருக்கு. ஆனா பால் பாயிண்ட் மை தண்ணியில நகராது, அதுக்கு ஆல்கஹால் வேணும்னு போடல. ஒரு குரூப் மை நகராதத பார்த்து "அப்போ இந்த பேனா இல்ல"ன்னு முடிவு எழுதிட்டாங்க, அது அவங்க தப்பு இல்ல. யூவி டார்ச் ரொம்ப வீக், ரூம நல்லா இருட்டாக்கினா தான் ஏதாவது தெரியும், கண்ணுல அடிக்க வேண்டாம்னு பசங்ககிட்ட கண்டிப்பா சொல்லணும். காலடி அச்சுக்கு பிளாஸ்டர் ஒரு பேட்ச்சுக்கே தீர்ந்துடும்.

சாட்சி பாடத்துக்கு பெட்டியில பொருள் ஒண்ணும் இல்ல, ஒரு பக்கம் குறிப்பு தான், ஆனா அருமையா எழுதியிருக்காங்க. ஒருத்தர் கிளாஸுக்குள்ள வந்து 20 செகண்ட்ல ஒரு பைய எடுத்துட்டுப் போவார், பத்து நிமிஷம் கழிச்சு எல்லாரும் தனித்தனியா எழுதணும். சட்டை கலருக்கே நாலு பதில் வந்துச்சு. அதோட உளவியல் ஆராய்ச்சியாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1974ல பண்ணின சோதனையையும் சொன்னேன். கார் விபத்து படத்த காட்டிட்டு ஒரு குரூப்கிட்ட கார் "இடிச்சப்போ" என்ன வேகம்னும் இன்னொரு குரூப்கிட்ட "மோதி நொறுங்கினப்போ" என்ன வேகம்னும் கேட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு உடைஞ்ச கண்ணாடி பார்த்தீங்களான்னு கேட்டதுக்கு முதல் குரூப்ல 50 பேர்ல 7 பேரு ஆமான்னாங்க, நொறுங்கினன்னு கேட்ட குரூப்ல 16 பேரு. படத்துல கண்ணாடி உடையவே இல்ல. பசங்க அதுக்கப்புறம் ஒருத்தர ஒருத்தர் கேள்வி கேக்கறப்போ கூட வார்த்தைய பார்த்து பேச ஆரம்பிச்சாங்க, "அந்த சிவப்பு சட்டைக்காரர்"னு சொல்லாம "வந்தவர்"னு.

டிஎன்ஏ பகுதி பேருக்கு தான். வாழைப்பழத்த மசிச்சு சோப்பு, உப்பு, குளிர்ந்த ஆல்கஹால் போட்டா வெள்ளையா நூல் மாதிரி வரும், பார்க்க அழகு, ஆனா அத வெச்சு யாரையும் அடையாளம் காண முடியாது, அத கையேடு தெளிவா சொல்லியிருக்கணும். அதுக்கு பதிலா நான் ஒரு வழக்க சொன்னேன். 1984ல அலெக் ஜெஃப்ரீஸ் டிஎன்ஏ ரேகை முறைய கண்டுபிடிச்சாரு, கொஞ்ச நாள்லயே இங்கிலாந்துல ஒரு கொலை வழக்குல அத யூஸ் பண்ணாங்க, அது முதல்ல செஞ்ச காரியம் ஒரு 17 வயசு பையன காப்பாத்தினது. அவன் குத்தத்த ஒத்துக்கிட்டவன்! ஒத்துக்கிட்ட பிறகும் ஆதாரம் "இவன் இல்ல"ன்னு சொல்லிச்சு. எதிர்ல உக்காந்திருந்த பசங்களுக்கும் அதே வயசு, ஒருத்தரும் பேசல.

கடைசி வாரம் "வழக்கு". திருட்டு வழக்கு தான், கொலை கிலைன்னு வைக்காதது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா விடை ஒட்டின கவர்ல இருக்கு, அந்த பேரு எழுதினா தான் மார்க்குன்னு மதிப்பீட்டுத் தாள் சொல்லுது. எங்க ஒரு குரூப் எல்லா தடயத்தையும் பார்த்துட்டு "நூலிழை ரெண்டு பேரோட சட்டையோடயும் ஒத்துப்போகுது, ரேகை பாதி தான் இருக்கு, இத வெச்சு சொல்ல முடியாது"ன்னு எழுதினாங்க. நானும் அந்த நூலிழைய 10 மடங்கு லென்ஸ்ல பார்த்தேன், அவங்க சொன்னது சரி. தாள் படி அவங்களுக்கு சைபர். ஆறு வாரம் பொறுமையா பார்க்க கத்துக் குடுத்துட்டு கடைசில ஒரு பேர சொல்லுன்னு நெருக்கினா அந்த ஆறு வாரம் எதுக்கு? எனக்கு ரொம்ப வருத்தமாயிடுச்சு. அந்த தாள ஓரமா வெச்சிட்டு, ஒவ்வொரு தடயத்துக்கும் பொருந்துது, பொருந்தல, சொல்ல முடியாது, இந்த மூணுல ஒண்ணும் அதுக்கு காரணமும் எழுதினா மார்க்குன்னு மாத்தினேன். அந்த குரூப்புக்குத் தான் அதிகம் வந்துச்சு.

கிட் தயாரிக்கறவங்களுக்கு இதெல்லாம் எழுதி அனுப்பியிருக்கேன், இன்னும் பதில் வரல. வாங்கறவங்க 24 பேருக்கு ஒரு பெட்டி போதும், லென்ஸ் மட்டும் நாலு எக்ஸ்ட்ரா, மாஸ்க், பிளாஸ்டர், ஆல்கஹால் தனியா வாங்கிக்கோங்க. பவுடர் இன்னும் ரெண்டு பேட்ச்சுக்கு வரும் போல இருக்கு. அடுத்த பேட்ச்ச இதே பெட்டியோட தான் ஆரம்பிக்கப் போறேன், ரேகை கவர இப்பவே பிரிச்சு வெச்சாச்சு.