எல்லோருமே புதியவர்களா? கான்ட்ரா மாலைக்கு மூன்று வழிகள்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில், ஊர் மன்றங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் நடக்கும் கான்ட்ரா என்ற கூட்டு நடனத்துக்கு முன்பயிற்சி தேவையில்லை, ஜோடியோடுதான் வர வேண்டும் என்றுமில்லை என்றுதான் எல்லா அறிவிப்புகளும் சொல்லும். பொய்யில்லை. ஆனால் கூடத்தில் முக்கால்வாசிப் பேர் பழகியவர்களாக இருந்தால்தான் அது பலிக்கும். நியூ ஹாம்ப்ஷயரின் நெல்சன் என்ற சிற்றூரில் நடக்கும் திங்கட்கிழமை நடனத்துக்குப் புதிதாக ஒருவர் போனால், சுற்றியிருப்பவர்கள் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதுவே ஒரு கல்யாண வரவேற்பு, பள்ளிக்கு நிதி திரட்டும் விழா என்றால்? ஐம்பது பேர் வருவார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. யார் யாரை இழுத்துவிடுவது?

இப்படி ஒரு மாலையை ஏற்பாடு செய்பவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: முழுக்க கான்ட்ரா, வட்டமும் ரீலுமாக (ரீல் என்பது எதிரெதிர் வரிசையில் ஆடுவது) எளிய நடனங்கள், அல்லது நாலு ஜோடி சதுரமாக நின்று ஆடும் ஸ்கொயர்.

முதலில் கான்ட்ரா. இரண்டு நீண்ட வரிசைகள் எதிரெதிரே நிற்கும். மேடைப் பக்கத்திலிருந்து நாலு நாலு பேராகக் கைகோத்துப் பிரிந்துகொள்வார்கள். ஒவ்வொரு நால்வரிலும் ஒரு ஜோடி மேடைக்கு முதுகைக் காட்டி நிற்கும், இன்னொன்று மேடையைப் பார்த்து நிற்கும். இசை 32 பார், அதாவது 64 எண்ணிக்கை. அதற்குள் ஒரு சுற்று முடிந்து, ஒவ்வொரு ஜோடியும் ஓரிடம் நகர்ந்து அடுத்த ஜோடியைச் சந்திக்க வேண்டும். நிமிடத்துக்கு 110 முதல் 120 எண்ணிக்கை வேகம் என்றால், ஒரு சுற்றுக்குக் கிடைப்பது அரை நிமிடமும் கொஞ்சமும். தடுமாறினால் இசை காத்திருக்காது.

புதியவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இருவர் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் சுழலும் ஸ்விங்கில்தான். சுற்றுவது கஷ்டமில்லை. ஜோடியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றினால் தலைசுற்றலும் குறையும். நிறுத்தும் இடம்தான் வம்பு. ஸ்விங் முடிந்து கையை விரிக்கும்போது ஒருவர் இடப்பக்கம், மற்றவர் வலப்பக்கம் என்று நின்றாக வேண்டும். மாறி நின்றுவிட்டால், அடுத்து, இருவர் நடுவே கைகொடுத்து எதிர்ப்பக்கம் கடக்கும் ‘செயின்’ அசைவில் நடுவே போக வேண்டியவர் போகாமல், போகக் கூடாதவர் போய்விடுவார். நால்வரும் குழம்பி நிற்பார்கள். அதற்குள் வரிசையின் இரு பக்கத்திலிருந்தும் அடுத்த ஜோடிகள் வந்து, கைகொடுக்க ஆளில்லாமல் விழிப்பார்கள். பழகியவர்கள் இருக்கும் வரிசையில் இந்தக் குழப்பம் அடுத்த எட்டு எண்ணிக்கையில் சரியாகிவிடும். எல்லோரும் புதியவர்கள் என்றால் வரிசை முழுக்கப் பரவிவிடும்.

வரிசையின் முனைகள் இன்னொரு தொல்லை. முனைக்கு வந்த ஜோடி ஒரு சுற்று சும்மா நின்று, பக்கம் மாறி, மறுபடி உள்ளே வர வேண்டும். புதியவர்கள் ‘நம் வேலை முடிந்தது’ என்று தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்!

இரண்டாவது வழியில் இந்தத் தொல்லைகளெல்லாம் ஏறக்குறைய இல்லை. சிசிலியன் வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோடிக்கு ஜோடி எதிரெதிராகக் கூடத்தைச் சுற்றி வட்டமாக நிற்பார்கள். கான்ட்ராவைப் போலவே ஒவ்வொரு சுற்றிலும் புது ஜோடியைச் சந்திக்கலாம். ஆனால் வட்டத்துக்கு முனை கிடையாது, யாரும் வெளியே காத்திருக்க வேண்டியதில்லை. கான்ட்ராவின் சுவையை ஆபத்தில்லாமல் காட்ட இதைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியாது. எல்லோரும் ஒரே பெரிய வட்டமாக நின்று, சுற்றுக்கொரு தடவை ஜோடி மாறும் நடனங்களும் உண்டு. அதில் தவறினாலும், கும்மியில் பாதியில் நுழைந்தவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சமாளிப்பதுபோல் சமாளித்துக்கொள்ளலாம்.

வர்ஜீனியா ரீல் எல்லோருக்கும் பிடிக்கும். ஒரே எச்சரிக்கை, ஒரு வரிசைக்கு ஐந்தாறு ஜோடிக்கு மேல் வேண்டாம். அதில் பெரும்பாலும் தலைமை ஜோடிக்குத்தான் வேலை, மற்றவர்கள் கைதட்டிக்கொண்டு நிற்பார்கள். பன்னிரண்டு ஜோடி நின்றால் கைதான் வலிக்கும்.

இந்த வழியின் குறை: மூன்று வட்டம் ஆடியதும் புதியவர்களுக்கே அலுத்துவிடும்.

ஸ்கொயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நியூ இங்கிலாந்தின் பழைய மாலைகளில் ஸ்கொயரும் கான்ட்ராவும் கலந்தே இருந்தன, அடுத்த அசைவு என்ன என்று சொல்லிக்கொண்டே வரும் நல்ல அழைப்பாளர் கையில் அது பிரமாதமான விளையாட்டு. ஆனால் நாலு ஜோடி, எட்டுப் பேர் என்பது கறாரான கணக்கு. ஐம்பது பேர் வந்தால் ஆறு சதுரம் போக இரண்டு பேர் சுவரோரம் நிற்பார்கள். கான்ட்ரா வரிசையில் எத்தனை ஜோடி வந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லோரும் புதியவர்கள் என்றால் ஒன்றுக்கு மேல் ஸ்கொயர் வைக்க மாட்டேன்.

ஆக, என் ஓட்டு இரண்டாவது வழிக்கு, கடைசியில் கொஞ்சம் கான்ட்ரா சேர்த்து. இரண்டு மணி நேரம், ஏழெட்டு நடனம் போதும். வழக்கமான மூன்று மணி நேர மாலை பழகியவர்களின் கால்களுக்கானது. முதலில் ஸ்விங் இல்லாத பெரிய வட்டம், அப்புறம் சிசிலியன் வட்டம், பிறகு ரீல். இடைவேளைக்குப் பின் ஸ்விங்கைச் சொல்லிக்கொடுத்து, செயினோ, பின்னிப் பின்னிக் கடக்கும் ‘ஹே’யோ இல்லாத எளிய கான்ட்ரா ஒன்று அல்லது இரண்டு.

தொடங்குமுன் அரைமணி நேரப் பாடம் வேண்டுமா என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. வாராந்தர நடனங்களில் அது பயன்படும். ஒருநாள் விழாவில் பாதிப் பேர் பாடம் முடிந்த பிறகுதான் வந்து சேர்வார்கள், அவர்களுக்காக மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். 2009-இல் அமெரிக்காவின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது பெற்ற டட்லி லாஃப்மனைப் போல, விளக்கத்தைக் குறைத்து ஆட்டத்தைத் தொடங்கிவிடுவதே எனக்குப் பிடித்த வழி. முதல் வட்டமே பாடமாக இருக்கட்டும்.

ஆண், பெண் என்று பிரித்து அழைப்பதா, இப்போது பல இடங்களில் சொல்வதுபோல் லார்க், ராபின் என்பதா? இடம், வலம் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்தப் பறவைப் பெயர்களில் இருக்கின்றன. யாரும் எந்தப் பக்கமும் ஆடலாம் என்பதால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இல்லாத சிக்கலும் தீரும். ஆனால் வட்டங்கள் பலவற்றுக்கு இந்தப் பெயர்களே தேவைப்படாது. கான்ட்ரா தொடங்கும்போது சொன்னால் போதும்.

இசையில் மட்டும் முடிந்தவரை சிக்கனம் வேண்டாம். பிடிலும் பியானோவும் நேரில் இருந்தால், ஆட்டம் சிதறும்போது அழைப்பாளர் கைகாட்டி வேகத்தைக் குறைக்கலாம், களைகட்டினால் இன்னும் இரண்டு சுற்று நீட்டலாம். பதிவிசை அதன் பாட்டுக்கு ஓடும். பதிவிசைதான் கட்டுப்படியாகும் என்றால், ஆட்டத்தை நிறுத்தாமலே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி அழைப்பாளரிடம் இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.