டாங்கிளே போதுமா, மேசை ஆம்ப் வேண்டுமா?

என்னிடம் இருப்பது சென்ஹைசர் எச்டி 650 ஹெட்ஃபோன், மின்தடை 300 ஓம். நல்ல ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) இல்லாமல் இதை மாட்டுவது வீண் என்று வாங்கிய நாளிலிருந்தே ஆளாளுக்குச் சொல்கிறார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று மூன்றை எடுத்துக்கொண்டேன்: போனில் செருகி ஹெட்ஃபோனை மாட்டும் குட்டிக் கருவியான ஆப்பிள் டைப்-சி டாங்கிள் (ஏற்கெனவே இருந்தது), அதே வகையில் மூன்டிராப் டான் ப்ரோ, நண்பரிடம் இரவல் வாங்கிய மேசை ஆம்ப் ஃபியோ கே7.

முதலில் கணக்கு. எச்டி 650க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபெல் சத்தம் வரும். ஆப்பிள் டாங்கிள் அதிகபட்சமாகத் தருவது ஏறக்குறைய அந்த 1 வோல்ட்தான் (ஐரோப்பாவில் விற்பது அதிலும் பாதி). டான் ப்ரோ 3.5 மி.மீ. துளையில் 2 வோல்ட், 4.4 மி.மீ. பேலன்ஸ்ட் துளையில் 4 வோல்ட். வோல்ட் இரட்டிப்பானால் 6 டெசிபெல் கூடும்; ஆக 109, 115. அந்தச் சத்தத்தில் பாட்டுக் கேட்டால் காது போய்விடும். ஆனாலும் உபரி வேண்டியிருக்கிறது. ஈக்வலைசரில் பேஸை 6 டெசிபெல் ஏற்றினால், ஒலி உடையாமலிருக்க மொத்தத்தையும் 6 இறக்க வேண்டும். சன்னமாகப் பதிவான பழைய கச்சேரியில் அதற்குமேல் ஏற்ற இடமே இல்லை. ஆப்பிள் டாங்கிளில் நான் முட்டிக்கொண்டது இங்கேதான்.

இன்னொன்று, பல ஆண்ட்ராய்டு போன்களில் ஆப்பிள் டாங்கிள் முழு வோல்ட்டைத் தராது. போனில் ஒலியை முழுக்க ஏற்றினாலும் அடங்கியே கேட்கும். ஆம்ப் வாங்க ஓடுவதற்கு முன் லேப்டாப்பில் ஒரு தடவை செருகிப் பாருங்கள்.

கே7 வேறு ஜாதி. டிஜிட்டல் பாட்டை ஒலி அலையாக மாற்றும் ஏகேஎம் டாக் சிப் இரண்டு, 32 ஓமில் 2 வாட். முதலில் மாட்டியபோது மிருதங்கத்தின் தொப்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சத்தம்தான் கூடியிருக்கிறதோ என்று அப்போதே சந்தேகம் தட்டியது. 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஹெட்ஃபோன் மாட்டியபடியே அளந்தேன். கே7 டாங்கிளைவிட 3 டெசிபெல் அதிகமாகப் பாடிக்கொண்டிருந்தது! சமன் செய்த பிறகு தம்பி மாற்றி மாற்றிச் செருக, நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். பத்தில் ஆறு சரி. காசு சுண்டினாலே அது கிடைக்கும்.

டாக் சிப்புக்காக மட்டும் மாற்றுவது எனக்கு ஒப்பவில்லை. சிடியின் 16 பிட்டுக்கு வேண்டிய 96 டெசிபெல் வீச்சை (மிக மெல்லியதற்கும் மிக உரத்ததற்கும் உள்ள இடைவெளி) 9 டாலர் டாங்கிளே தாண்டிவிடுகிறது. 2 வாட்டும் எச்டி 650க்கு வேண்டாம். 115 டெசிபெல்லுக்கே சுமார் 53 மில்லிவாட் போதும். ஹைஃபைமேன் எச்இ-6 மாதிரி 83.5 டெசிபெல் மட்டுமே உணர்திறன் உள்ள பிளானர் வகை ஹெட்ஃபோனுக்கு என்றால் கே7ஐத் தயங்காமல் வாங்கலாம். ஸ்பீக்கருக்கு ஆர்சிஏ துளை, டிவிக்கு ஆப்டிகல் துளை, ஒலியை ஏற்றி இறக்கக் கைக்கு அடக்கமான குமிழ் எல்லாம் அதில் உண்டு. அந்தக் குமிழுக்கு மட்டும் மனசு கொஞ்சம் அலைந்தது.

கடைசியில் டான் ப்ரோவை வைத்துக்கொண்டேன். போன் பேட்டரியைச் சற்றுக் குடிக்கிறது, பரவாயில்லை. கே7 நண்பர் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. மிச்சப் பணத்தில், அப்பளமாய் நசுங்கிக் கிடந்த ஹெட்ஃபோன் பஞ்சை மாற்றினேன். அந்த வித்தியாசத்தைத் தம்பி கண்ணை மூடாமலே கண்டுபிடித்தான்.