பி550 மதர்போர்டில் லினக்ஸ்: எல்லாம் ஓடுகிறது, சஸ்பெண்ட் மட்டும் படுத்துகிறது

லினக்ஸுக்கு ஏஎம்டியின் பி550 சிப்செட் உள்ள போர்டு எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நீண்ட நாள் ஓட்டிய பிறகு சொல்கிறேன்: சிப்செட்டில் குறையே இல்லை. சாட்டாவுக்கு ஏஹெச்சிஐ, யூஎஸ்பிக்கு எக்ஸ்ஹெச்சிஐ. இரண்டு டிரைவரும் லினக்ஸின் மையமான கர்னலிலேயே இருப்பதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. பெரும்பாலான எக்ஸ்570 போர்டுகளைப் போல சிப்செட் மேல் விசிறி இல்லை. அந்த அமைதிக்காகவே இதைப் பிடிக்கும். லேன் சிப் ஆர்டிஎல்8125பி என்றால் கர்னல் 5.9 அல்லது அதற்குப் புதியது போடுங்கள், ஆர்8169 டிரைவரே பார்த்துக்கொள்ளும்.

எரிச்சல் சஸ்பெண்டில்தான், அதாவது கணினியை உறங்க வைப்பதில். திரை அணையும், விசிறி நிற்கும், இரண்டு நொடியில் மறுபடி எழுந்துவிடும். லினக்ஸ் டிஸ்ட்ரோவை மாற்றினாலும் கர்னலை மாற்றினாலும் இதே கதை. காரணம் பயாஸ் கொடுக்கும் ஏசிபிஐ அட்டவணை, அதாவது வன்பொருளையும் மின்சார நிர்வாகத்தையும் பற்றி கர்னலுக்குச் சொல்லும் பட்டியல். சிபியுவை மற்ற சாதனங்களோடு இணைக்கும் பிசிஐஇ பாலங்களில் ஒன்றான ஜிபிபி0, கணினியை எழுப்பலாம் என்று அதில் குறித்திருக்கிறது. உறங்கப் போகும் நேரத்தில் அந்தப் பாலத்திலிருந்து ஒரு சிக்னல் வந்தால் போதும், கர்னல் அதை மதித்து எழுந்துவிடுகிறது. கர்னலைத் திட்டிப் பயனில்லை.

ப்ராக் அடைவில் ஏசிபிஐ, அதற்குள் வேக்கப் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ஜிபிபி0 வரியில் எனேபிள்டு என்றிருந்தால், அந்தப் பெயரையே அதே கோப்பில் எழுதினால் டிசேபிள்டு ஆகிவிடும். நிர்வாகி அனுமதி தரும் சூடோ போட்டு எக்கோ செய்து, வெளியீட்டை அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி இல்லை என்று வரும். கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல், சூடோ அல்ல. எக்கோவை, கோப்பில் எழுதும் டீ கட்டளைக்குள் பைப் செய்து, டீக்கு சூடோ கொடுங்கள். உடனே சஸ்பெண்ட் செய்து பாருங்கள். அப்போதும் எழுந்தால் எனேபிள்டு என்றுள்ள மற்ற பெயர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்ஹெச்சி என்று தொடங்கும் யூஎஸ்பி கன்ட்ரோலர்களைக் கடைசியில் தொடுங்கள், கீபோர்டால் எழுப்புவது அவற்றை நம்பித்தான்.

ரீபூட் செய்தால் இது அழிந்துவிடும். பலர் ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் இதைச் செய்ய சிஸ்டம்டி சர்வீஸ் எழுதி வைக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் கோப்பு ஒரு சுவிட்ச் மாதிரி: இரண்டாவது முறை எழுதினால் மறுபடி எனேபிள்டு. சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தாலே பழைய தொல்லை திரும்பும். சாதனம் கண்டறியப்படும்போது தானாக ஓடும் யூடெவ் விதிதான் உறுதியானது. பாலத்தின் பவர் அடைவில் உள்ள வேக்கப் பண்புக்கு டிசேபிள்டு என்று எழுதினால் எத்தனை முறை ஓடினாலும் டிசேபிள்டுதான். ஆனால் வெண்டர் 1022, டிவைஸ் 1483 என்ற ஐடியை மட்டும் வைத்து எழுதாதீர்கள். சிப்செட்டுக்குப் போகும் பாலத்துக்கும் அதே ஐடிதான். லேன் வழியாக எழுப்பும் வசதி போய்விடலாம். வேக்கப் கோப்பின் கடைசி நெடுவரிசையில் உள்ள பிசிஐ முகவரியையும் சேர்த்து எழுதுங்கள். பயாஸ் புதுப்பித்த பிறகு அந்த முகவரி மாறியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

விசிறி வேகம் காட்டும் சென்சார் தனிக்கதை. நுவோட்டான் என்சிடி6798டி இருந்தால் என்சிடி6775 டிரைவர் போதும். வேறு சிப் என்றால் வாங்கும் முன்பே டிரைவர் நிலவரம் தேடிப் பாருங்கள்.

வன்பொருளாக எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் என் போர்டைச் செய்த நிறுவனத்தின் பி550-ஐ நண்பருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அட்டவணையில் ஒரு பதிவைத் திருத்தினால் தீரும் பிழையை, பயாஸ் மேல் பயாஸ் வெளியிட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.